வண்ணமகளின் கூலி

அண்மையில் கொட்டாஞ்சேனையிலே நடைபெற்ற கலியாணம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். முகூர்த்தத்துக்கு இன்னும் சிறிது நேரம் இருந்தது. எமக்கு அருகில் அமர்ந்திருந்த நண்பரும் எம்மைப் போல ஆசிரியரே; பல ஆண்டுகளாக முற்போக்கு இயக்கத்தோடு உறவு பூண்டவர். மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்தவருக்குக் கொடுக்கப்படும் தொகையை யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். "முகம் கழுவித் தலை வாரிச் சேலை உடுத்திவிட இவ்வளவு கூலியே? எங்கட அம்மாமாருக்கு ஆர் வந்து உடுத்திவிட்டது?" என்று அவர் குமுறினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் சிரித்துவிட்டு விடத்தக்க கேள்வி அன்று அது. நண்பரின் தாயாருக்கு உண்மையிலே யார் உடுத்திவிட்டார்கள்?

இக்கேள்விக்கு விடை தேடுவோர் அகநானூற்றின் 86ஆம் பாட்டிலிருந்து தொடங்கலாம். நல்லாவூர் கிழார் அதிலே ஒரு கலியாணத்தைக் காட்டுகிறார். உளுந்து சேர்த்துச் சமைத்த களி, மணல் பரப்பிய பந்தர், விளக்கு, மாலை. இருள் நீங்கும் வைகறையில், மக்களைப் பெற்ற பெண்கள் நால்வர் கூடி, பூவும் நெல்லும் இட்ட நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அங்கே புரோகிதன் இல்லை, தீவலம் இல்லை என்பதை ஆராய்ச்சியாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். எமது கவனத்துக்கு உரியவை அந்த நான்கு பெண்களின் கைகள். அவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். இன்று இவளுக்குச் செய்ததை நாளை இவள் இன்னொருத்திக்குச் செய்வாள் என்ற கொடுக்கல் வாங்கலே அவர்களுடைய ஊதியம். அண்மைக் காலம் வரையில் எமது ஊர்களிலே பெரியம்மாவும் மாமியும் மச்சாளும் கூடி நின்று செய்ததும் இதுவேயாகும்.

ஆனால் கலியாண வீட்டிலே வேறு சில கைகளும் இருந்தன. அவற்றை நண்பர் மறந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக் கலியாணத்திலே பந்தலுக்கு வெள்ளை கட்டவும் நடைபாதையிலே வெள்ளை விரிக்கவும் சலவைத் தொழிலாளர் குடும்பம் வரவேண்டும். மாப்பிள்ளைக்கு முகச்சவரம் செய்ய முடிதிருத்துபவர் வரவேண்டும். இவர்கள் விரும்பி வந்தவர்களோ விலை பேசி வந்தவர்களோ அல்லர். 'குடிமை' என்ற பெயரால், பிறப்பினால் வந்த கடமை அது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கொல்லைப்புறமாக வந்து கொல்லைப்புறமாகப் போக வேண்டும். 'அந்தக் காலத்தில் எல்லாம் சும்மா நடந்தது' என்று பெருமூச்சு விடுவோர், அந்தச் 'சும்மா'வின் ஒரு பாதி உறவுப் பெண்களின் கணக்கில் வராத உழைப்பு, மறுபாதி சாதி அடிமைத்தனம் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. விலை பேசுவது ஆபாசம் என்று கருதும் மனம் நிலமானிய மனமே. ஒருத்தி வாசல் வழியாக வந்து, தனது தொழிலுக்கு இன்ன தொகை என்று சொல்லி, முற்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்வது சரித்திரத்தில் முன்னோக்கி வைத்த அடியாகும். அவ்வாறன்றென முற்போக்காளர் வாதிப்பது வியப்புக்குரியது.

உறவுக் கைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1958, 1977, 1983 என்ற ஆண்டுகளை இவ்விடங்களிலுள்ள மூத்தவர்கள் பிள்ளைகளின் பிறந்த ஆண்டுகளைப்போல நினைவில் வைத்திருக்கிறார்கள். 1983 யூலையிலே தமிழ்ப் பெண்கள் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு வீதியைக் கடந்தார்கள். அதன் பின்னர் வந்த கால் நூற்றாண்டுப் போர் குடும்பங்களைச் சிதறடித்தது. அகநானூற்று நால்வருள் ஒருத்தி இன்று ரொறன்ரோவில், ஒருத்தி இலண்டனில், ஒருத்தி பாரிசில். எஞ்சிய ஒருத்தி முழங்கால் நோவோடு மாடி வீட்டிலே இருக்கிறாள். மணமகளை வாழ்த்த அவர்கள் கைபேசித் திரையிலே தோன்றலாம். கொய்யகம் பிடித்துவிட அந்தத் திரையிலிருந்து கை நீளாது. இந்த வெற்றிடத்திலேதான் அலங்காரத் தொழிலாளி வந்து நிற்கிறாள். ஆடம்பரம் அவளை அழைத்து வந்தது என்று சொல்வது பாதி உண்மை. அகதி வாழ்வும் அவளை அழைத்து வந்தது.

அவள் செய்யும் வேலைதான் என்ன? 'பிரைடல் டிரெஸ்ஸர்' என்று கொழும்பு அவளை அழைக்கிறது. விளம்பரங்களிலே அழகுக்கலை நிபுணர் என்றும், இப்போது ஸ்டைலிஸ்ட் என்றும் காண்கிறோம். எமது காப்பியங்கள் அவளை வண்ணமகள் என்றன. அந்தச் சொல்லையே நாம் கைக்கொள்வோம். எமது சைவக் கலியாணத்தில் மணமகள் ஒரு சேலையோடு மணவறைக்கு வருகிறாள். கன்னிகாதானம் முடிந்து, பெரியோர் தொட்டு ஆசீர்வதித்த கூறைச்சேலை அவள் கையிற் கொடுக்கப்படுகிறது. அவள் உள்ளே சென்று, உடுத்த சேலையைக் களைந்து, கூறையை உடுத்து மீண்டும் வந்தபின்னரே தாலி கட்டப்படும். முகூர்த்தமோ சோதிடர் குறித்த நேரத்துக்குள் முடிய வேண்டும். ஐயர் மணியைப் பார்க்கிறார். நாதஸ்வரக்காரர் வாயில் சீவாளியை வைத்தபடி காத்திருக்கிறார். ஒளிப்படக்காரன் கதவைத் தட்டுகிறான். கால் மணி நேரத்துக்குள், சரிகை கனத்த புதிய பட்டை, முன்னர் ஒருபோதும் உடுத்திராத ஒரு பெண்ணின் உடம்பிலே, குனிந்து வணங்கினாலும் மணவறையைச் சுற்றி வந்தாலும் குலையாதவாறு உடுத்திவிட வேண்டும். சடைநாகம் அசையக் கூடாது. தலைப்பு ஓமத் தீயின் பக்கம் சரியக் கூடாது. பதற்றத்தில் அழுதுவிட்ட பெண்ணின் கண்மையைத் திருத்த வேண்டும். அவள் காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை என்பதைக் கண்டு ஒரு மிடறு பால் பருக்கவும் வேண்டும். இதனைக் கலை என்று அழைக்கத் தயங்குவோர் தொழில் என்றேனும் அழைக்கட்டும். முதல்நாளே கொய்யகத்தை மடித்து அழுத்தி வைப்பதும், எந்த மடிப்பில் எத்தனை ஊக்கு என்று கணக்கு வைத்திருப்பதும் பயிற்சியினால் வருவன. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கப்படும் தொழில்களுள் அழகுக்கலையும் ஒன்றாக இருப்பது இதனாலேயே. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலிலே மணம் முடித்துவிட்டு மண்டபத்துக்கு ஓடுகின்ற குடும்பத்துக்கும், புனித லூசியா பேராலயத்திலே வெள்ளை உடையோடு நின்ற பெண்ணை மாலை விருந்துக்குப் பட்டுச் சேலைக்கு மாற்றவேண்டிய குடும்பத்துக்கும் இவள் எத்தகைய உதவி என்பதைக் கண்டவரே அறிவர்.

இன்னொரு பயனும் உண்டு. அதைச் சொல்ல எமக்குக் கூச்சமாகவே இருக்கிறது. இங்குள்ள மணமகளிர் பலருக்குக் கணவன் வெளிநாட்டில் இருக்கிறான். கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளின் குடிவரவு விண்ணப்பத்தோடு, திருமணம் மெய்யானது என்பதற்குச் சான்றாகக் கலியாணப் படங்களும் இணைக்கப்படுகின்றன. முகமறியாத அதிகாரி ஒருவர் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து அந்தப் படங்களைப் புரட்டிப் பார்ப்பார். ஆகவே அலங்காரம் இப்போது ஊராருக்காக மட்டுமன்று, கோப்புக்காகவும் செய்யப்படுகிறது. கலியாணம் கலியாணமாகத் தோன்ற வேண்டிய நிர்ப்பந்தத்தை எமது பெண்ணின் தலையில் வைத்தவர்கள் அவளும் அல்லள், அவளுக்குப் பூச்சூடியவளும் அல்லள்.

இனி நண்பரின் கட்சிக்கு வருவோம். 'இயற்கை அழகு இருக்க ஒப்பனை எதற்கு?' என்ற வாதம் பழையது. சிலப்பதிகாரத்திலே அதனை முதலில் எழுப்புகிறவன் கோவலன். மனையறம்படுத்த காதையிலே, புதுமணத் தம்பதியின் இன்பப் பொழுதொன்றில், அவன் கண்ணகியின் அழகைப் புகழ்கிறான். புகழ்ச்சியின் இடையிலே அவளை அலங்கரித்த பெண்கள்மேற் குறை சொல்கிறான். மங்கல அணி ஒன்றே போதுமாயிருக்க, வேறு அணிகளை இவர்கள் பூட்டியது ஏன்? பூவும் சாந்தும் முத்துமாக இவளுடைய மெல்லிய உடலுக்குப் பாரம் ஏற்றியது ஏன்? ஒப்பனைத் தொழிலைப் பற்றித் தமிழில் எழுந்த பழைய கண்டனங்களுள் இது ஒன்று. தலைமுறை தலைமுறையாகப் பண்டிதர்கள் இதைக் காதலின் சிகரமாகக் கொண்டாடி வந்துள்ளனர். வகுப்பறையிலே நாமும் அவ்வாறே கற்பித்திருக்கிறோம்.

ஆனால் காவியம் அங்கே முடிவதில்லையே. கோவலன் மாதவியிடம் போன பின்னர், அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலே கண்ணகியை மீண்டும் காண்கிறோம். காலிலே சிலம்பு இல்லை, மார்பிலே குங்குமம் இல்லை, கண்ணிலே மை இல்லை. மங்கல அணியைத் தவிர வேறு அணி எதுவும் அவளிடம் இல்லை. அதாவது, அன்று கோவலன் எவ்வாறு இருந்தால் போதும் என்றானோ, இன்று அவ்வாறே இருக்கிறாள்! அதே நிலை முன்னர் கணவனின் நாவில் காதல் மொழியாக இருந்தது. இப்போது கைவிடப்பட்டவளின் கோலமாகி விட்டது. இளங்கோ இவ்விரு காட்சிகளையும் தற்செயலாக எழுதினார் என்று நாம் நம்பவில்லை. பின்னர் கடலாடு காதையிலே மாதவியின் ஒப்பனையைப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் தொடங்கி, அடிமுதல் முடிவரையில் அணியணியாக விரிக்கிறார். அதைக் கண்டு களித்தவனும் அதே கோவலன்தான். அணி வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அணியைக் கண்டு மயங்கும் உரிமையும் ஒருவனுக்கே இருந்தன. சொத்தெல்லாம் கரைந்த பின்னர், குறை சொல்லப்பட்ட அந்த அணிகளுள் எஞ்சிய சிலம்புதான் மதுரையிலே முதலாகத் தேவைப்பட்டது. எளிமை என்பது உள்ளவன் சொல்லும்போது ஒரு பொருளும், இல்லாதவளுக்கு ஒரு பொருளும் தருகிறது.

எளிமைக் கலியாணத்தை நாம் எதிர்க்கவில்லை. தமிழகத்தில் சுயமரியாதைத் திருமணம் சடங்கையும் தரகையும் ஒதுக்கியதும், 1967இல் நிறைவேறிய சட்டத்தால் அது செல்லுபடியானதும் போற்றத்தக்க செய்திகள். ஆனால் அலங்காரம் செய்துகொள்ளும் உரிமைக்காகவும் எமது மக்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். திருவிதாங்கூரிலே நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் போராடி, 1859ஆம் ஆண்டுப் பிரகடனத்தினாலேயே மேலாடை அணியும் அனுமதி பெற்றனர். யாழ்ப்பாணத்திலும் தாழ்த்தப்பட்ட மக்களின் பெண்கள் மேற்சட்டை போடவும் பொன்னகை பூணவும் தடை இருந்தது. தன் பாட்டி பூணக் கூடாதென்று தடுக்கப்பட்ட அட்டியலை இன்று ஒரு பேத்தி கழுத்து நிறையப் பூண்டுகொண்டு மணவறைக்கு வருகிறாள் என்றால், அதை ஆடம்பரம் என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட எமக்கு மனம் வரவில்லை.

அந்த அட்டியல் பொன்னாக இல்லாமலும் இருக்கலாம் என்பதே வண்ணமகளால் விளையும் பெரிய நன்மை. அவளுடைய பெட்டியிலே வாடகைக்குக் கல்நகைத் தொகுதி இருக்கிறது. 2025இல் ஒரு பவுன் பொன் மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா. பதினொரு மாதச் சம்பளத்தை ஒரு சதமும் செலவழியாது சேர்த்தாலும் ஒரு பவுன் கைக்கு எட்டாது. செட்டியார் தெருவிலே கடன்பட்டு வாங்கி, மறுமாதமே அடகுகடைக்குப் போகின்ற பொன்னைக் காட்டிலும், ஒருநாள் பூண்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் கல்நகை எத்தனையோ மேலானது. தனியே விலைக்கு வாங்கி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்குப் பதிலாக ஒன்றையே பலர் பங்கிட்டுக் கொள்கிறார்கள். பொதுவுடைமை என்றெல்லாம் நாம் பெயரிடப் போவதில்லை, நண்பர் கோபித்துக்கொள்வார்.

இவ்வளவும் சொன்ன பின்னர், இத்தொழிலின் மேல் எமக்குள்ள வழக்கையும் வைக்க வேண்டும். அது நிறத்தைப் பற்றியது.

பழந்தமிழ்ப் பாடல்கள் பெண்ணின் மேனி அழகை மாமை என்றன. மாந்தளிரின் நிறத்தை அதற்கு உவமையாக்கின. அந்த மாமை கெட்டு மேனி வெளிறுவதற்குப் பெயர் பசலை. தலைவன் பிரிந்தான், தோள் மெலிந்தது, வளை கழன்றது, பசலை பாய்ந்தது என்று தலைவி புலம்பாத பாலைப் பாட்டு அரிது. வெளிறிய மேனி எமது இலக்கியத்தில் நோயின் அடையாளம், பிரிவின் அடையாளம். இன்றைய அலங்கார அறையிலே நடப்பது என்ன? கருந்தளிர் போன்ற பெண்ணின் முகத்திலே மூன்று படி வெளிறிய பூச்சைப் பூசி, கழுத்துக்கும் கைக்கும் அதையே தேய்த்து, வேறொருத்தியை மணவறைக்கு அனுப்புகிறார்கள். கூடுகின்ற நாளிலே பசலை பூசுகிறார்கள்! மகளின் முகம் தெரியாமல் தகப்பன் ஒருகணம் திகைத்ததை நாம் கண்டிருக்கிறோம்.

இதற்கு வண்ணமகளை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையன்று. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் மணமகள் தேவைப் பகுதியில், கல்விக்கும் தொழிலுக்கும் பக்கத்திலே நிறத்தையும் குறிப்பிடும் படித்த சமூகம் எம்முடையது. ஆசிரியர் குடும்பங்களும் அங்கே விளம்பரம் செய்கின்றன. பன்னாட்டு நிறுவனம் ஒன்று, பல ஆண்டுகளாக விற்றுவந்த தனது களிம்பின் 'ஃபெயர் அன்ட் லவ்லி' என்ற பெயரை, உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின்னர் 2020இல் 'குளோ அன்ட் லவ்லி' என்று மாற்றியது. எண்ணம் அப்படியே இருக்கப் பெயரை மட்டும் மாற்றுதல் முதலாளித்துவத்துக்குப் புதிதன்று. ஆயினும் தொழில் தெரிந்தவள் என்ற பெயருக்கு உரியவளிடம் நாம் ஒன்றை எதிர்பார்க்கலாம். வாடிக்கையாளரின் தாயார் 'கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ' என்னும்போது 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவே அது. கொய்யகத்தை மச்சாளும் மடிப்பாள். இந்தத் துணிவுக்கே கூடுதலான கூலி கொடுக்கலாம்.

கூலி என்று சொல்லும்போது இன்னொரு கணக்கும் உண்டு. முற்பணம் வாங்குகிறவர் தலைமை அலங்காரக்காரர். அவரோடு அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பெட்டி சுமந்து வருகிற பெண்பிள்ளைகள் இருவர் மூவர். கலியாணத்தில் நாம் கண்ட உதவியாளருள் ஒருத்தி எம்மிடம் கற்ற மாணவி. க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவள். முதல் ஒன்றரை ஆண்டு 'பழகுகிறாய்' என்று சொல்லிச் சம்பளமே தரப்படவில்லை என்றும், இப்போதும் நாட்கூலிதான் என்றும் சொன்னாள். நியமனக் கடிதம் கிடையாது. 1958ஆம் ஆண்டிலேயே சட்டமான ஊழியர் சேமலாப நிதியிலே, தொழிலாளியின் எட்டு வீதத்தோடு தொழில்தருநர் பன்னிரண்டு வீதம் செலுத்த வேண்டும் என்று நாம் சொன்னபோது, அது 'ஒபிஸ் ஆக்களுக்கு' என்றாள். 1933இல் வெள்ளவத்தை நெசவாலையிலே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இந்நாட்டு இடதுசாரிகளின் ஆரம்பப் பள்ளி அது என்று கூறலாம். அந்த வட்டாரமெங்கும் இன்று சேலைக்கடைகளும் அலங்கார நிலையங்களும் நிறைந்திருக்கின்றன. அங்கு வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு சங்கம் இல்லை. எமது இயக்கத்தவர் அந்த வாசல்களைக் கடந்து போகும்போது, உள்ளே நடப்பது உழைப்பு என்று நினைப்பதில்லை.

ஏன் நினைப்பதில்லை? பெண்கள் செய்யும் வேலையாகையால், கூலி கேட்கும்வரையில் அது வேலையாக எமது கண்ணில் படுவதில்லை. பணமும் பெயரும் வரத் தொடங்கியதும் அதே வேலை ஆண்களுடைய உரிமையாகி விடுகிறது. பம்பாய்த் திரையுலகில் ஒப்பனைக் கலைஞர் சங்கம் பெண்களுக்கு முடி அலங்காரம் மட்டும் என்றும், முக ஒப்பனை ஆண்களுக்கே உரியது என்றும் பல்லாண்டுகளாகத் தடுத்து வைத்திருந்தது. சாரு குரானா முதலியோர் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில்தான் அத்தடையை நீக்கிற்று. தடை போட்டது முதலாளி அன்று, தொழிற்சங்கம் என்பதை நாம் வெட்கத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

எமது இலக்கியத்தின் கதையையும் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சலூன் ஒன்றிலே கத்தரிக்கோல் பிடித்த டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். முடி திருத்தும் கையே பத்திரிகையும் நடத்தியது என்று நாம் மேடை தோறும் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமை நியாயமானது. பிற்காலத்திலே 'மல்லிகை' கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து, இதே கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்து வெளிவந்தது. ஆணின் கையிலிருந்த கத்தரிக்கோலுக்குத் தலைவணங்கும் நாம், பெண்ணின் கையிலிருக்கும் சீப்பைக் கண்டால் நகைக்கிறோம். வண்ணமகளை நாயகியாகக் கொண்ட முற்போக்குச் சிறுகதை ஒன்றை நாம் இதுவரை வாசித்ததில்லை.

அன்று தாலி கட்டி முடிந்து, பந்தி எழுந்து, கூட்டமும் கலைந்த பிறகு, எம் மாணவி மண்டபத்தின் பின்னறையிலே நிலத்தில் இருந்து வாடகை நகைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பஞ்சிலே வைத்துக்கொண்டிருந்தாள். ஊக்குகளையும் எண்ணினாள். மணப்பெண் அன்று தன் நிறத்தோடேயே மணவறைக்கு வந்திருந்தாள். அதைப் பற்றி நாம் கேட்டோம். "அவவின்ட நிறத்துக்குச் சரியான பூச்சு கடையில இல்ல சேர். மூண்டைக் கலந்துதான் எடுக்க வேணும். வெள்ளையாக்கிறதெண்டால் பத்து நிமிசத்தில முடியும். நிறத்தை மாத்தாமல் விடுறதுக்குத்தான் கூட நேரம் வேணும்" என்றாள்.

எம்மோடு வந்து நின்ற நண்பருடைய மகளுக்கு ஆவணியிலே கலியாணம். அவர் கைபேசியை எடுத்து, அவளுடைய இலக்கத்தைக் கேட்டார்.